வெளிநாடு போகிறவர்களுக்கு சிம், டேட்டா: களுவாஞ்சிக்குடிக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரவு கொழும்பு பஸ்ஸுக்கு நேரமான பிறகுதான் பலர் என் கடைக்கு வருகிறார்கள். தோளில் பை, கையில் பாஸ்போட் உறை, ரோட்டோரம் ஆட்டோ நிற்கிறது. "மனே, கட்டாருக்குப் போறன், என்ன சிம் போட்டாச் சரி?" பதில் சொல்லப் பத்து நிமிடம் போதும். சொன்னதைச் செய்து முடிக்கத்தான் அந்தப் பத்து நிமிடம் போதாது.

ரீலோட், போட்டோகொப்பி, பாஸ்போட் படம் என்று ஓடும் சின்னக் கடை என்னுடையது. காத்தான்குடியில் இருந்து மக்கா யாத்திரையான உம்ராவுக்கும், கல்முனை, சம்மாந்துறையில் இருந்து வளைகுடா வேலைக்கும், மட்டக்களப்பில் இருந்து சுவிஸ், லண்டன் கலியாணங்களுக்கும் போகிறவர்கள் கேட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். பயணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போதே வாசித்துவிடுங்கள்.

எந்த சிம் நல்லம்? எத்தனை ஜிபி போடணும்?

எல்லோரும் இதில்தான் தொடங்குகிறார்கள். நான் திருப்பிக் கேட்பது வேறு. உங்களோடு யார் யார் பேச வேண்டும், எந்த எண்ணில்? வீட்டில் இருக்கும் தாய்க்கு வட்ஸ்அப் தெரியுமா, சாதாரண கோல் மட்டும்தானா? வங்கி அனுப்பும் ஓடிபி, அதாவது ஒருமுறை மட்டும் செல்லும் இரகசிய எண், எந்த எண்ணுக்கு வருகிறது? அங்கே உங்களை ஏற்ற வருகிறவர் அந்த நாட்டு எண் கேட்பாரா? இவற்றுக்குப் பதில் தெரிந்தால் சிம்மும் தெரிந்துவிடும். ஜிபி கணக்கைக் கடைசியில் பார்க்கலாம்.

என் அபிப்பிராயம் இதுதான். ஒரு வாரத்துக்குள் திரும்புகிறவர் ஊர் சிம்மையே அங்கேயும் பாவிக்க ரோமிங் பெக்கேஜ் போடலாம், அல்லது பயண இ-சிம் வாங்கலாம். இரண்டு மூன்று வாரம் தங்குகிறவருக்கு அந்த நாட்டு ப்ரீபெய்ட் சிம்தான் மலிவு. ஒப்பந்த வேலைக்குப் போகிறவருக்கு அந்த நாட்டு சிம் இல்லாமல் முடியாது. யாராக இருந்தாலும் ஊர் எண் உயிரோடு இருக்க வேண்டும்.

ஊர் சிம்மைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போகலாமா?

வேண்டாம். இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன்.

என் தங்கச்சி இரண்டு வருட ஒப்பந்தத்தில் குவைத்துக்குப் போனாள். போகும்போது தோட்டின் முனையால் சிம் தட்டைத் தள்ளித் திறந்து, ஊர் சிம்மை எடுத்து, நகைக்கடைச் சிவப்புத் தாளில் மடித்து அலுமாரிக்குள் வைத்தாள். பக்கத்தில் நின்றுகொண்டிருந்த எனக்கும் அப்போது ஒன்றும் தோன்றவில்லை. பத்து மாதம் கழித்து அங்கிருந்து வங்கிச் செயலியைப் புதுப் போனில் திறக்கப் பார்த்தாள். ஓடிபி வரவில்லை. நான் அந்த எண்ணுக்குக் கோல் எடுத்தேன். யாரோ ஒரு பெரியவர் சிங்களத்தில் பேசினார். எண் அவருக்குப் போய்விட்டிருந்தது. அம்மாவின் கண் ஒப்பரேஷனுக்கென்று அவள் சேர்த்த காசு கணக்கில் கிடந்தது, எடுக்க வழியில்லை. எண்ணை மாற்ற அவளே நேரில் வந்து கையெழுத்திட வேண்டும் என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள்.

ப்ரீபெய்ட் எண்ணுக்கு ஆயுள் உண்டு. ரீலோட் இல்லாமல் விட்டால் முதலில் வெளியே போகும் கோல் நிற்கும், பிறகு உள்ளே வரும் கோல் நிற்கும், கடைசியில் எண்ணே வேறொருவருக்கு விற்கப்படும். ஆகவே சிம்மைப் போனிலேயே, இரண்டாவது இடத்தில் வையுங்கள். வீட்டில் ஒருவரிடம் பொறுப்புக் கொடுத்து, மாதம் ஒருமுறை அந்த எண்ணுக்குச் சிறு ரீலோட் போடச் சொல்லுங்கள். நீங்களும் இடைக்கிடை அதிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். எத்தனை நாளில் எண் செத்துப்போகும் என்பது கம்பனிக்குக் கம்பனி மாறும். டயலொக், மொபிடெல், ஹட்ச் எதுவானாலும் போகும் முன்பே அவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

வட்ஸ்அப் எண்ணை மாற்ற வேண்டுமா?

தேவையில்லை. புது சிம் போட்டதும் எண்ணை மாற்றவா என்று வட்ஸ்அப் கேட்கலாம். பழைய எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாட்டு டேட்டாவிலும் ஊர் எண்ணின் வட்ஸ்அப் ஓடும். போகும் முன் அதன் அமைப்புகளில் இரண்டு கட்டச் சரிபார்ப்பைத் திறந்து, ஆறு இலக்க எண்ணும் மின்னஞ்சலும் கொடுத்துவிடுங்கள். சிம் வேறொருவர் கைக்குப் போனாலும் அவர் உங்கள் வட்ஸ்அப்பைத் தன் போனில் திறந்து உங்கள் சொந்தங்களிடம் காசு கேட்பது லேசில் முடியாது.

ரோமிங் ஏன் இவ்வளவு காசு தின்கிறது?

நீங்கள் டுபாயில் நின்று ஊர் சிம்மில் இணையம் திறந்தால், அங்குள்ள கம்பனியின் கோபுரம் உங்களைத் தாங்குகிறது. அதற்கு நம் கம்பனி அவர்களுக்குப் பணம் கட்ட வேண்டும். டேட்டாவும் பெரும்பாலும் இலங்கைக்கு வந்துதான் வெளியே போகும். பெக்கேஜ் போட்டால் அந்த விலை ஒரு கட்டுக்குள் நிற்கும். பெக்கேஜ் இல்லாமல் டேட்டா ரோமிங்கைத் திறந்து விட்டால், வட்ஸ்அப்பில் வந்த படங்களும் செயலிகளின் புதுப்பிப்பும் இறங்கியே மீதிக் காசு சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். ப்ரீபெய்ட் என்பதால் பெரிய பில் வீடு தேடி வராது என்பது உண்மைதான். ஆனால் எண்ணை உயிரோடு வைக்கப் போட்ட காசு போய்விடும்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: ரோமிங்கில் இருக்கும்போது ஊரிலிருந்து வரும் சாதாரண கோலை எடுத்தால் உங்களுக்கும் காசு வெட்டும். எஸ்எம்எஸ் பெறுவதற்குப் பெரும்பாலும் காசில்லை, அதனால்தான் ஓடிபிக்கு ஊர் சிம் உதவுகிறது. எனவே ஊர் சிம்மில் ரோமிங் சேவையைத் திறந்து, டேட்டா ரோமிங்கை மட்டும் மூடி வையுங்கள். இரண்டும் வேறு வேறு. சேவையைக் கம்பனியின் செயலியிலோ வாடிக்கையாளர் சேவை எண்ணிலோ இலங்கையில் இருக்கும்போதே திறக்க வேண்டும். அங்கே போய் இறங்கியபின் எந்த எண்ணுக்கும் எடுக்க முடியாமல் நின்றவர்கள் உண்டு.

இ-சிம் என்றால் என்ன? என் போனில் வேலை செய்யுமா?

கையில் பிடிக்கும் அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம். *#06# அழுத்திப் பாருங்கள். போனின் அடையாள எண்களான ஐஎம்இஐ எண்களோடு ஈஐடி என்று இன்னொரு நீண்ட எண் வந்தால் அநேகமாக வேலை செய்யும். ஐபோனில் 2018இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் தொடங்கி இந்த வசதி உண்டு. ஆனால் சீனாவுக்கென்று செய்யப்பட்ட ஐபோன்களில் பெரும்பாலும் இது இல்லை. அண்ணன் கொண்டுவந்து தந்த போன் என்றால் முதலில் சோதியுங்கள்.

எயாராலோ போன்ற செயலிகளில் நாட்டைத் தெரிவுசெய்து, கார்ட்டில் காசு கட்டி வாங்கலாம். உங்கள் வங்கிக் கார்ட் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவுக்குத் திறந்திருக்க வேண்டும். வீட்டு வைஃபையில் இருக்கும்போதே இ-சிம்மைப் பதித்துவிடுங்கள். ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் வாங்கிக் கியூஆர் படம் அனுப்பினால், அதைக் காட்டிப் பதிக்க இன்னொரு போன் திரை வேண்டிவரலாம். அதுவும் வீட்டில்தான் லேசு. பதித்த இ-சிம்மைத் தவறுதலாக அழித்தால் பல கம்பனிகளில் மறுபடி பதிக்க முடியாது.

பெரும்பாலான பயண இ-சிம்களில் டேட்டா மட்டும்தான். தொலைபேசி எண் இருக்காது. டக்சிக்காரர் உங்களுக்குக் கோல் எடுக்க வேண்டுமென்றால் இது உதவாது. தனியாகப் போகும் வயதானவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை.

இந்தியாவுக்குப் போகிறோம். அங்கே சிம் எடுப்பது கஷ்டமா?

கொஞ்சம் பொறுமை வேண்டும். வெளிநாட்டவருக்கு பாஸ்போட், விசாப் பிரதி, படம், தங்குமிட விலாசம் எல்லாம் கேட்பார்கள். சிம் கையில் கிடைத்தும் உயிர் வரச் சில மணி நேரம் ஆகலாம், சில வேளை ஒரு நாளும் ஆகும். சென்னையில் இறங்கிய அன்றிரவே சிதம்பரத்துக்கு ரயில் ஏறுகிறவர்கள் அந்த முதல் நாளுக்கு ரோமிங்கோ இ-சிம்மோ வைத்திருக்க வேண்டும். இலவச வைஃபை இருக்கிறதே என்று நம்பிப் போகாதீர்கள். பல இடங்களில் அதைத் திறக்கவும் இந்திய எண்ணுக்குத்தான் ஓடிபி போகும். இரண்டு படமும் பாஸ்போட், விசா போட்டோகொப்பி இரண்டு செட்டும் இங்கிருந்தே கொண்டு போங்கள்.

ஜியோ, எயார்டெல் இரண்டும் தமிழ்நாட்டில் நன்றாக எடுக்கும். அங்கே பெக்கேஜ் பெரும்பாலும் 28 நாளுக்கு, ஒரு நாளைக்கு இத்தனை ஜிபி என்று வரும். அன்றைக்குரியது நள்ளிரவோடு முடியும், மிச்சம் சேராது.

சொந்தக்காரர் பெயரில், கடைக்காரர் பெயரில் எடுத்த சிம்மை யார் தந்தாலும் வாங்காதீர்கள். அந்த எண்ணால் ஏதும் பிரச்சினை வந்தால் அவர்களும் மாட்டுவார்கள், நீங்களும் மாட்டுவீர்கள்.

உம்மாவின் பட்டன் போனைக் கொண்டு போகலாமா?

எந்த நாடு என்று பார்க்க வேண்டும். ஜியோவில் தொடக்கத்தில் இருந்தே 2ஜியும் 3ஜியும் இல்லை. சிங்கப்பூரில் 2ஜியை 2017இலும் 3ஜியை 2024இலும் மூடிவிட்டார்கள். 2ஜி, 3ஜியில் மட்டும் ஓடும் பழைய பட்டன் போன் அங்கே வெறும் மணிக்கூடாகத்தான் இருக்கும். 4ஜி உள்ள பட்டன் போன் இப்போது கிடைக்கிறது. புறப்படும் அன்று கொடுத்தால் பழகமாட்டா. ஒரு மாதம் முந்தியே வாங்கிக் கையில் கொடுங்கள்.

உம்ராவுக்குப் போகிறவர்கள் என்ன செய்வது?

ஜித்தா விமான நிலையத்திலேயே எஸ்டிசி, மொபைலி, ஸெய்ன் கம்பனிகளின் கவுண்டர்கள் உண்டு. பாஸ்போட்டும் விரல் அடையாளமும் கேட்பார்கள். களைப்பு, இஹ்ராம், நீண்ட வரிசை எல்லாம் சேர்ந்த நேரத்தில் வயதானவர்களை அங்கே நிறுத்துவது பாவம். குழுவில் இளையவர் இரண்டு பேர் முன்கூட்டியே இ-சிம் போட்டுக்கொண்டால் இறங்கியதும் எல்லோர் வீட்டுக்கும் செய்தி சொல்லிவிடலாம். மற்றவர்கள் ஹோட்டலுக்குப் போய் ஆறுதலாக சிம் வாங்கலாம்.

மதீனாப் பள்ளிவாசலில் உள்ள ரவ்ளாவுக்குப் போக நுசுக் செயலியில் அனுமதி எடுக்க வேண்டும். அந்தக் கணக்கை ஊரிலேயே திறந்து, கொடுத்த எண்ணும் மின்னஞ்சலும் கைவசம் இருப்பதை உறுதி செய்யுங்கள். தொழுகை முடிந்து சனம் வெளியேறும் நேரத்தில் எந்த நெட்வேர்க்கும் திணறும். கோல் போகாதபோதும் எஸ்எம்எஸ் சில வேளை போய்ச் சேரும். அதனால் ஒவ்வொரு நாளும் ஹறம் என்னும் பெரிய பள்ளிவாசலுக்குள் நுழையும் முன் எந்த வாசல் எண்ணருகே சந்திப்பது என்று பேசி வையுங்கள். வாசல் எண்ணைப் படம் பிடித்து உம்மா, வாப்பாவின் போன் திரையிலேயே வைத்துவிட்டால் யாரிடமும் காட்டிக் கேட்கலாம்.

வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறேன். போனை எசமான் வாங்கி வைத்தால்?

வீட்டு வேலைக்குப் போகும் பிள்ளைகள் இதைக் குரலைத் தாழ்த்தித்தான் கேட்கிறார்கள். அவர்களுக்குக் கடையில் ஒரு சின்ன அட்டை அடித்து லெமினேட் செய்து கொடுக்கிறேன். பாஸ்போட் படம் அளவுதான். அதில் வீட்டு எண், சகோதரர் ஒருவரின் எண், அனுப்பிய முகவரின் எண், அந்த நாட்டில் உள்ள இலங்கைத் தூதரகத்தின் எண். உடுப்புக்குள் தைத்துக்கொண்டு போனவர்களும் இருக்கிறார்கள். அதோடு ஒரு எண்ணையாவது மனப்பாடம் செய்ய வேண்டும். "மகள், சொல்லுங்க பாப்பம்" என்று கேட்டால், பெற்ற தாயின் எண்ணே தெரியாமல் போனைத் தேடுவார்கள். பார்க்காமல் சொல்லும்வரை நான் விடுவதில்லை.

எண்களை +94 போட்டு எழுதுங்கள், போனிலும் அப்படியே சேமியுங்கள். 077 என்று சேமித்த எண்ணை சவூதி சிம்மில் அழுத்தினால் இலங்கைக்குப் போகாது. முதல் சைபரை எடுத்துவிட்டு +94 போட வேண்டும். மட்டக்களப்பு வீட்டுப் போன் 065 என்றால் +94 65, கல்முனை 067 என்றால் +94 67, அம்பாறை 063 என்றால் +94 63. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 போன்ற குறுகிய எண்கள் ஊருக்குள் பழகியவை. வெளியே இருந்து அவற்றை நம்பியிருக்க முடியாது, முழு எண்ணைக் கேட்டு எழுதுங்கள்.

டுபாயில் வட்ஸ்அப் கோல் எடுக்காதாமே?

எழுத்துச் செய்தியும் குரல் பதிவும் போகும். கோலைத்தான் அங்குள்ள கம்பனிகள் மறித்து வைத்திருக்கின்றன. அனுமதி பெற்ற போட்டிம் போன்ற செயலியை வீட்டார் போனிலும் இங்கேயே பதித்து, ஒருமுறை பேசிப் பாருங்கள். ஊர் சிம் ரோமிங்கிலும் சில பயண இ-சிம்களிலும் டேட்டா வேறு நாட்டு வழியாக வெளியேறுவதால் வட்ஸ்அப் கோல் பல நேரம் எடுக்கும். இணையத்தை வேறு நாட்டு வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் செயலி போட்டுப் பேசலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். விபிஎன் மூலம் குற்றம் செய்தால் அங்கே 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதம் என்று சட்டம் இருக்கிறது. அதற்குள் எது வரும், எது வராது என்று ஒரு தொழிலாளி போய்ச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

சுவிஸில் கலியாணம், அப்படியே ஜெர்மனி, பாரிஸ். ஒரே சிம் போதுமா?

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 2017 ஜூன் 15இல் இருந்து ஒரு நாட்டு சிம்மை மற்ற நாட்டில் அதே விலைக்குப் பாவிக்கலாம். ஜெர்மனி சிம் பாரிஸில் வேலை செய்யும். சுவிஸ் அந்த ஒன்றியத்தில் இல்லை, இங்கிலாந்தும் விலகிவிட்டது. நம் சனம் அதிகம் போவது இந்த இரண்டுக்கும்தான், தடுக்கி விழுவதும் இங்கேதான். சுவிஸின் பாசல் நகரம் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் எல்லையில் இருக்கிறது. சித்தப்பா வீட்டு பல்கனியில் நின்றாலே போன் பக்கத்து நாட்டுக் கோபுரத்தைப் பிடிக்கக்கூடும். அங்கே டேட்டா ரோமிங்கை மூடி, நெட்வேர்க்கைத் தானாகப் பிடிக்க விடாமல் நீங்களே தெரிவுசெய்து வையுங்கள். வாங்கும்போது "ஐரோப்பா" என்ற சொல்லோடு நிற்காமல், நாடுகளின் பட்டியலில் சுவிஸ் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

அங்கே தமிழர் கடைகளில் லைக்கா, லெபாரா சிம் கிடைக்கும். லெபாரா 2001இலும் லைக்கா 2006இலும் இலங்கைத் தமிழர் தொடங்கியவை. எனக்கு அதில் பெருமை உண்டு. ஆனாலும் பெக்கேஜின் நாட்களையும் விலையையும் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். இங்கிலாந்தில் ப்ரீபெய்ட் சிம்முக்கு அடையாள அட்டை கேட்பதில்லை. சுவிஸ், ஜெர்மனியில் பாஸ்போட் காட்ட வேண்டும்.

சரி, டேட்டா எவ்வளவு வேணும்?

வட்ஸ்அப் குரல் கோல் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 30 முதல் 50 எம்பி. வீடியோ கோல் அதைப்போலப் பத்து மடங்கு வரலாம். யூடியூப், டிக்டொக் ஒரு மணி நேரம் பார்த்தால் ஒரு ஜிபியும் போய்விடும். கோலும் வரைபடமும் மட்டும் என்றால் ஒரு வாரத்துக்கு 2 அல்லது 3 ஜிபி தாராளம். கூகுள் வரைபடத்தில் போகும் நகரத்தை வீட்டு வைஃபையில் இறக்கி வைத்தால் டேட்டா இல்லாமலும் வழி பார்க்கலாம்.

"எல்லையற்ற டேட்டா" என்று எழுதியிருந்தால் கீழே உள்ள சின்ன எழுத்தையும் வாசியுங்கள். ஒரு அளவுக்குப் பிறகு வேகத்தைக் குறைப்பார்கள்.

புது சிம் போட்டும் போன் எடுக்கவில்லை. ஏன்?

போன் ஒரு கம்பனிக்கு லொக் செய்யப்பட்டிருக்கலாம். வெளிநாட்டில் தவணைக்கு எடுத்து ஊருக்கு அனுப்பிய போன்களில் இது அதிகம். போகும் முன் வேறு கம்பனி சிம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள், அவ்வளவுதான்.

நாகபட்டினம் கப்பலில் போகும்போது?

காங்கேசன்துறையில் இருந்து 2023 ஒக்டோபரில் தொடங்கிய கப்பலைத்தான் கேட்கிறார்கள். நடுக்கடலில் நெட்வேர்க் இருக்காது. ஏறும் முன் வீட்டுக்குச் சொல்லிவிட்டு போனை ஏரோப்ளேன் மோட்டில் வையுங்கள். விமானத்திலும் பெரிய உல்லாசக் கப்பல்களிலும் செய்மதி நெட்வேர்க் தானாகப் பிடித்தால் விலை பயங்கரம், சாதாரண ரோமிங் பெக்கேஜ் அதற்குச் செல்லாது.

சிம் வாங்கும்போது ஏமாறாமல் இருக்க?

கம்பனியின் சொந்தக் கடையில் வாங்குங்கள், றோட்டில் கூவி விற்பவரிடம் வேண்டாம். விரல் அடையாளம் ஒருமுறைதான் வைக்க வேண்டும். "பதியவில்லை, இன்னொருக்கா வையுங்கள்" என்றால் ஏன் என்று கேளுங்கள், திரையைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் பெயரில் இரண்டாவது சிம் ஒன்றைத் திறந்து வேறு ஆளுக்கு விற்றால், அதால் நடக்கும் மோசடிக்குப் பொலிஸ் தேடி வருவது உங்களைத்தான். வாங்கியதும் கடையை விட்டு வெளியே வராமல் ஊருக்கு ஒரு கோல் எடுத்துப் பாருங்கள். பற்றுச்சீட்டும் சிம் ஒட்டியிருந்த அட்டையும் பத்திரம். சிம் பூட்டிக்கொண்டால் கேட்கும் பியூகே எண் அந்த அட்டையில்தான் இருக்கும்.

திரும்பி வந்த பிறகு அந்த நாட்டு சிம்மை என்ன செய்வது?

திரும்பிப் போகப் போவதில்லை என்றால், அங்கிருந்து புறப்படும் முன்பே கம்பனிக் கடைக்குப் போய் உங்கள் பெயரில் இருக்கும் எண்ணை நிறுத்தச் சொல்லுங்கள். அதற்கு முன் அந்த எண்ணை எங்கெல்லாம் கொடுத்தீர்கள் என்று யோசியுங்கள்: காசு அனுப்பும் செயலி, மின்னஞ்சல், பேஸ்புக். ஒவ்வொன்றிலும் ஊர் எண்ணை மாற்றி, ஓடிபி ஊர் எண்ணுக்கு வருகிறதா என்று பார்த்த பிறகுதான் சிம்மை வெட்ட வேண்டும்.